மூணாம் வகுப்புப் பிள்ளை நாலு வரி வாசிக்கணும்: அதுவும் நம்ம அரசியல்தான்!



உங்க ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில எத்தனை பிள்ளைங்க படிக்கிறாங்க? எத்தனை ஆசிரியர்கள் இருக்காங்க? மூணாம் வகுப்புல இருக்கிற பிள்ளைகள்ல எத்தனை பேர் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் தடுமாறாம வாசிப்பாங்க?

முதல் இரண்டு கேள்விக்கு நம்மில் சிலர் பதில் சொல்லிடுவோம். மூணாவது கேள்விக்குப் பெரும்பாலான ஊர்கள்ல பதில் கிடையாது. பூத் வாரியா எத்தனை ஓட்டு, எந்தத் தெருவுல யார் பக்கம், எல்லாம் நமக்கு விரல் நுனியில இருக்கு. ஆனா அதே தெருவுல இருக்கிற எட்டு வயசுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வருமா, வராதா என்பது நமக்குத் தெரியாது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க.

*பள்ளிக்குக் கொண்டுவந்தோம், அது சாதனை*

முதல்ல நல்லதைச் சொல்லிடுவோம். யார் ஆட்சியில வந்தது என்று பார்க்காம சொல்லுவோம்.

காமராஜர் காலத்துல ஊருக்கு ஊர் பள்ளி வந்துச்சு, மதிய உணவு வந்துச்சு. 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமா அதை விரிவாக்கினார். அப்புறம் தட்டுல முட்டை வந்துச்சு. இலவசப் பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, புத்தகம் என்று ஒவ்வொரு ஆட்சியும் ஒரு படி கட்டுச்சு. 2022 செப்டம்பர் 15-ல மதுரையில தொடங்கின காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் போச்சு.

இதோட பலனை நாம கண்ணால பார்க்கிறோம். பள்ளிக்கூடத்தையே பார்க்காத பிள்ளை என்று இன்னிக்கு நம்ம ஊர்ல தேடினாலும் கிடைக்கிறது கஷ்டம். 2021-22 ஒன்றிய அரசின் கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவுல 28.4, தமிழ்நாட்டுல 47. இது சாதாரண விஷயம் இல்லை. மூணு தலைமுறையோட உழைப்பு.

ஆனா பள்ளிக்கூட வாசலைத் தாண்டுறது ஒரு மலைன்னா, உள்ள போய் எழுத்தைப் பிடிக்கிறது இன்னொரு மலை. முதல் மலையை ஏறிட்டோம். இரண்டாவது மலையில இன்னும் பாதி வழியில நிக்கிறோம்.

*நிலவரம் என்ன?*

ஏசர் ஆய்வு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. கிராமங்கள்ல வீடு வீடாப் போய், ஒவ்வொரு பிள்ளையா உட்காரவெச்சு, எழுத்து, சொல், சின்னப் பத்தி, சின்னக் கதை என்று படிப்படியா வாசிக்கச் சொல்லுவாங்க. கதை என்பது இரண்டாம் வகுப்புத் தரம்.

2018-ல தமிழ்நாட்டு மூணாம் வகுப்புப் பிள்ளைகள் 100 பேர்ல சுமார் 10 பேர்தான் அந்தக் கதையை வாசிச்சாங்க. அப்புறம் கொரோனா. 2020 மார்ச்ல மூடின தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-லதான் திறந்துச்சு. ஒண்ணாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்பதையே பார்க்காம ஒரு கூட்டம் பிள்ளைகள் மூணாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தாங்க. 2022 ஆய்வுல அந்த 10 பேர் என்பது 5 பேர்கூட இல்லை என்று ஆச்சு. 2024 ஆய்வுல மறுபடியும் மேலே வந்திருக்கோம். ஆனா அந்த வருஷம் நாடு முழுக்க சராசரி 27. நாம அதுக்கு ரொம்பக் கீழே.

"ஏசர் கிராமத்தை மட்டும் பார்க்குது, மாதிரிக் கணக்கு, அவங்க முறை சரியில்லை" என்று வாதம் இருக்கு. மாநில அரசு 2025 பிப்ரவரியில 3, 5, 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனியா அடைவுத் தேர்வு நடத்துச்சு. எந்த அளவுகோல் சரி என்று நிபுணர்கள் பேசட்டும். எந்த ஆய்வுமே "எல்லாப் பிள்ளையும் சரளமா வாசிக்குது" என்று சொல்லலை. நமக்கு அது போதும்.

இந்த இடத்துல நம்ம ஐ.டி. அணித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த எண்களை மீம் ஆக்காதீங்க. "அரசுப் பள்ளியில படிச்சா இப்படித்தான்" என்று ஒரு பதிவு போட்டா, அது எதிர்க்கட்சிக்கு அடி இல்லை. தன் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு அனுப்புற ஒரு கூலித் தொழிலாளித் தாயோட நம்பிக்கைக்குத்தான் அடி.

*ஏன் மூணாம் வகுப்பு?*

மூணாம் வகுப்பு வரைக்கும் பிள்ளை வாசிக்கக் கத்துக்குது. நாலாம் வகுப்புல இருந்து வாசிச்சுக் கத்துக்குது. இந்தத் திருப்பத்துல பாலம் இல்லைன்னா பிள்ளை அந்தப் பக்கமே நின்னுடும்.

எப்படின்னா, கணக்குப் புத்தகத்துல "ஒரு கூடையில் 48 மாம்பழங்கள் உள்ளன, அவற்றை 6 பேருக்குச் சமமாகப் பகிர்ந்தால்..." என்று ஒரு கேள்வி. சந்தையில அம்மாவோட கடை போடுற பிள்ளைக்கு இந்தக் கணக்கு வாயாலயே வரும். ஆனா வரியை வாசிக்க முடியலைன்னா பூஜ்யம். தெரிஞ்ச கணக்குலயும் தோத்துப்போகுது. அறிவியல், சமூக அறிவியல் எல்லாத்துலயும் இதே கதை.

மெதுவா வாசிக்கிறதும் பிரச்சினைதான். ஒவ்வொரு எழுத்தா முட்டி முட்டி வாசிக்கிற பிள்ளை, வரியோட கடைசிக்கு வரும்போது முதல் வார்த்தையை மறந்துடும். அர்த்தம் கைக்கு வராது. ஒன்றிய அரசோட நிபுண் பாரத் திட்டம் மூணாம் வகுப்பு முடியும்போது நிமிஷத்துக்கு 60 வார்த்தை என்று ஓர் இலக்கு வெச்சது அதனாலதான்.

இந்தப் பிள்ளை என்ன செய்யும்? அமைதியாயிடும். கடைசி வரிசைக்குப் போகும். கரும்பலகையைப் பார்த்து அழகா எழுதும், எழுதினதை வாசிக்கத் தெரியாது. நோட்டு நிறைஞ்சிருக்கும், வீட்டுல எல்லாரும் படிக்குது என்று நம்பிட்டிருப்பாங்க. எட்டாம் வகுப்புலயோ ஒன்பதாம் வகுப்புலயோதான் உடையும்.

"அப்ப ஃபெயில் போடுங்க, சரியாயிடும்" என்று சிலர் சொல்றாங்க. 2019-ல 5, 8-ம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று அறிவிச்சாங்க. தமிழ்நாடே எதிர்த்துச்சு. 2020 பிப்ரவரியில வாபஸ் வாங்கினாங்க. அந்த எதிர்ப்பு சரிதான். சொல்லிக்கொடுக்காத பாடத்துக்குப் பத்து வயசுப் பிள்ளையைத் தண்டிக்கிறது நியாயம் இல்லை. ஆனா ஃபெயில் போடாம இருக்கிறது மட்டும் நியாயம் ஆகிடாது. மேல் வகுப்புக்கு அனுப்புற அரசுக்கு, வாசிக்கத் தெரிஞ்சு அனுப்புற கடமையும் இருக்கு.

*தமிழ் வாசிப்பு கஷ்டமா?*

247 எழுத்து என்று பயமுறுத்துறாங்க. 12 உயிர், 18 மெய், அதுல இருந்து பிறக்கிற 216 உயிர்மெய், ஓர் ஆய்தம். முறை தெரிஞ்சவங்களுக்கு இது 247 தனித்தனிப் பாரம் இல்லை. குறி புரிஞ்சா குடும்பம் குடும்பமா வந்துடும்.

ஆனா பிள்ளை எங்கே தடுக்கி விழுது என்று பார்க்கணும். அ, ஆ, இ, ஈ என்று பாட்டா ஒப்பிக்கிற பிள்ளையிடம் நடுவுல 'ஒ'-வைத் தொட்டுக் கேளுங்க. மறுபடியும் 'அ'-வில் இருந்து எண்ணிக்கிட்டு வரும். வரிசைதான் மனப்பாடம் ஆகியிருக்கு, எழுத்து பழகலை. 'கெ', 'கே', 'கை'-யில குறி முன்னாடி நிக்குது, ஒலி பின்னாடி வருது. 'கொ', 'கோ'-வில குறி இரண்டு பக்கமும். 'கு', 'சு', 'டு', 'மு' ஒவ்வொண்ணுக்கும் சுழி வேற. 1978-ல எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணா, றா, னா, லை, னை எல்லாம் சீரா மாறினாலும் உகர வரிசை இன்னும் அப்படியேதான் இருக்கு. இதுக்கெல்லாம் நேரம் கொடுத்துப் பழக்கணும்.

அப்புறம் பேச்சும் எழுத்தும் வேற வேற. பிள்ளை "வூட்டுக்குப் போறேன்" என்று சொல்லும். புத்தகம் "வீட்டிற்குச் செல்கிறேன்" என்று சொல்லும். ஆறு வயசுப் பிள்ளைக்கு அது பாதி வேற்று மொழி. கிருஷ்ணகிரி எல்லையில தெலுங்கோ கன்னடமோ பேசுற பிள்ளை, நீலகிரி மலையில தன் தாய்மொழி பேசுற பழங்குடிப் பிள்ளை, திருப்பூர்ல வேலைக்கு வந்த ஒடியா, இந்திக் குடும்பத்துப் பிள்ளை, இவங்களுக்கு அது முழுசாவே வேற்று மொழி. பிள்ளையோட பேச்சைக் கேலி பண்ணாம, அங்கிருந்து கைபிடிச்சுப் புத்தகத்துக்குக் கூட்டிட்டு வர ஆசிரியருக்குப் பயிற்சியும் வேணும், அவகாசமும் வேணும்.

*அந்த அவகாசம் எங்கே?*

கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையை எடுத்துப் பாருங்க. தொடக்கப் பள்ளியில 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர். கணக்குல 30-க்கு ஒருத்தர், கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வகுப்பு அஞ்சு! ஒருத்தர் 1, 2, 3-ஐப் பார்க்கணும். இன்னொருத்தர் 4, 5. அவங்கள்ல ஒருத்தர் தலைமையாசிரியர். பயிற்சி, கூட்டம், விடுப்பு என்று ஒருத்தர் வெளியே போனா, அஞ்சு வகுப்பும் ஒரே ஆள் தலையில.

அந்த ஒரே ஆள் எமிஸ்ல பதிவு ஏத்தணும். சீருடைக் கணக்கு, புத்தகக் கணக்கு, முட்டைக் கணக்கு பார்க்கணும். தேர்தல் வந்தா வாக்காளர் பட்டியலோட வீடு வீடா அலையணும். நாம கேட்கிற அந்தப் பூத் பட்டியலுக்கு ஓடுறதும் பல இடங்கள்ல அதே டீச்சர்தான். இதையும் மனசுல வெச்சுக்கிட்டு ஆசிரியர்களைப் பற்றிப் பேசுங்க.

முயற்சியே நடக்கலைன்னு நாம சொல்லலை. 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சு மாநிலம் முழுக்கப் பரவின செயல்வழிக் கற்றல், பிள்ளையைத் தரையில உட்காரவெச்சு அட்டையைக் கையில கொடுத்துச்சு. 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி வந்துச்சு. லட்சக்கணக்கான தன்னார்வலர்கள், பெரும்பாலும் நம்ம தெருப் பெண்கள், மாசம் 1,000 ரூபாய்க்குச் சாயங்காலம் பிள்ளைகளோட உட்கார்ந்தாங்க. 2022 ஜூன்ல எண்ணும் எழுத்தும் வந்துச்சு. 2025-க்குள்ள எட்டு வயசுப் பிள்ளை எல்லாருக்கும் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவு என்பது இலக்கு. வகுப்பைப் பார்க்காம அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிக்கிற படியைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிற முறை. நல்ல முறை.

ஆனா பிள்ளையோட படியைப் பார்க்க வேண்டிய நேரத்தைப் பதிவேற்றமும் ஆன்லைன் மதிப்பீடும் தின்னுடுது என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து சொல்லிட்டு வர்றாங்க. இலக்கு வருஷம் 2025. பள்ளிவாரியா எத்தனை பிள்ளைகள் அரும்புல இருந்து மலருக்கு வந்தாங்க என்பதை அந்தந்த ஊர் மக்களுக்கு எளிய தமிழ்ல சொல்லணும். அதைக் கேட்கிற உரிமை நமக்கு இருக்கு.

*நாம் கேட்பது என்ன?*

1. ஒண்ணாம், இரண்டாம் வகுப்புக்கு என்றே ஒரு தனி ஆசிரியர். பிள்ளைகள் எண்ணிக்கை எவ்வளவா இருந்தாலும். தகுதித் தேர்வு எழுதிப் பாஸாகி வேலைக்குக் காத்துட்டிருக்கிற இடைநிலை ஆசிரியர்கள் இருக்காங்க. இடமும் இருக்கு, ஆளும் இருக்கு.

2. காலை உணவு முடிஞ்ச கையோட வாசிப்பு. வயிறு நிறைஞ்ச அந்த முதல் நேரம் எழுத்துக்கும் கதைக்கும் மட்டும். அந்த நேரத்துல எந்த அதிகாரியும் போன் பண்ணி விவரம் கேட்கக் கூடாது.

3. பதிவேற்ற வேலைக்குத் தனி ஆள். சில பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் எழுத்தர் போட்டாக்கூட டீச்சர் வகுப்புக்குத் திரும்பிடுவாங்க.

4. அங்கன்வாடியில இருந்தே தயார் செய்யணும். நடுநிலைப் பள்ளி வளாகங்கள்ல இருக்கிற 2,381 அங்கன்வாடி மையங்கள்ல எல்.கே.ஜி., யு.கே.ஜி. இருக்கு. மூணு வயசுல தனியார் பள்ளிக்குப் போற பிள்ளை திரும்ப அரசுப் பள்ளிக்கு வர்றது அபூர்வம். இதை எல்லா ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கும் விரிவாக்கணும். கதை, பாட்டு, பேச்சு, இதுதான் அங்கே பாடம். மூணு வயசுல நாலு கோடு நோட்டு வேண்டாம்.

5. பீரோவுல பூட்டின புத்தகம் வேண்டாம். வாசிப்பு இயக்கம் மூலமா நுழை, நட, ஓடு, பற என்று தரம் பிரிச்ச சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் வந்திருக்கு. அது பிள்ளைங்க கையில இருக்கணும். கிழிஞ்சா ஆசிரியரிடம் கணக்குக் கேட்கக் கூடாது. கிழிஞ்ச புத்தகம்தான் வாசிச்ச புத்தகம்.

6. ஒன்றிய அரசு பணத்தைப் பிடிச்சு வைக்கக் கூடாது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலை என்ற காரணத்தால, சமக்ர சிக்ஷாவில் 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வெச்சாங்க. மாநிலம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியதாச்சு. கொள்கைச் சண்டையைக் கொள்கையாப் போடுங்க. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையைப் பணயமா வைக்காதீங்க.

*நாம் செய்ய வேண்டியது என்ன?*

கோரிக்கை வெச்சுட்டு உட்கார்ந்திருக்க முடியாது, தோழர்களே.

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலயும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும். பல ஊர்கள்ல அது கையெழுத்துக் குழுவாத்தான் இருக்கு. உங்க பிள்ளை அங்கே படிச்சா குழுக் கூட்டத்துக்குப் போங்க. கட்டடம், சுவர், கழிப்பறை பற்றிப் பேசுங்க, அதுவும் முக்கியம். அதோட ஒரே ஒரு கேள்வி சேர்த்துக்கோங்க: "மூணாம் வகுப்புல எத்தனை பேர் வாசிக்கிறாங்க? வாசிக்காத பிள்ளைக்கு நாங்க என்ன உதவி செய்யணும்?" கேள்வியோட இரண்டாவது பாதியை விட்டுடாதீங்க. முதல் பாதியை மட்டும் கேட்டா அது விசாரணை. இரண்டையும் கேட்டாத்தான் அது துணை.

கிராம சபைக்குப் போங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துல ஆறு நாள். தண்ணி, ரோடு, விளக்குக்குத் தீர்மானம் போடுறோமே, ஆசிரியர் பணியிடம் காலின்னா அதுக்கும் தீர்மானம் போடுங்க. எழுத்துல கேட்டாத்தான் எழுத்துல பதில் வரும்.

சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. 1990-கள் தொடக்கத்துல அறிவொளி இயக்கம் நடந்ததை நம்ம மூத்த தோழர்களிடம் கேளுங்க. புதுக்கோட்டையில பெண்கள் எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. தெருவிளக்கு வெளிச்சத்துல, திண்ணையில, களத்துமேட்டுல வகுப்பு நடந்துச்சு. சம்பளம் வாங்காத தொண்டர்கள் நடத்தினாங்க. இன்னிக்கு நம்ம கிளையில பட்டதாரிப் பிள்ளைங்க எத்தனை பேர்! வாரத்துல மூணு நாள், நாலு பிள்ளையைக் கூட உட்காரவெச்சுக் கதை வாசிக்க முடியாதா? பெரிய பயிற்சி வேண்டாம். சத்தமா வாசிச்சுக் காட்டுங்க, விரல் வெச்சுக் கூட வாசிக்க விடுங்க, அப்புறம் தனியா வாசிக்கச் சொல்லுங்க. தப்பா வாசிச்சா உடனே திருத்தாதீங்க, வரி முடியட்டும்.

*இதைச் செய்யாதீங்க*

கட்சித் துண்டோட வகுப்புக்குள்ள போகாதீங்க. கொடி, பேனர், தலைவர் படம் எதுவும் பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது.

பிள்ளையைக் கேமரா முன்னாடி நிறுத்தி "வாசி பார்க்கலாம்" என்று கேட்காதீங்க. வாசிக்கத் தெரியாத பிள்ளையோட வீடியோவை எவன் போட்டாலும், அது எந்தக் கட்சிக்குச் சாதகமா இருந்தாலும், பகிராதீங்க. அந்தப் பிள்ளை அதே ஊர்ல வளரணும்.

ஆசிரியரை மிரட்டாதீங்க. சும்மா சம்பளம் வாங்குறாங்க என்று எழுதாதீங்க. நல்லா நடத்துற டீச்சரைப் பாராட்டி ஒரு பதிவு போடுங்க. அவங்க அனுமதி வாங்கிட்டுப் போடுங்க.

கடைசியா, நம்ம நிர்வாகிகளுக்கு. மேடையில அரசுப் பள்ளியைக் காப்போம் என்று பேசுறோம். நம்ம பிள்ளைகள் எங்கே படிக்கிறாங்க என்று ஊர் பார்த்துட்டுத்தான் இருக்கு. யாரையும் கட்டாயப்படுத்தலை. தாலிச் சங்கிலியை அடகு வெச்சு இங்கிலீஷ் மீடியத்துக்குப் பணம் கட்டுற பெற்றோரையும் குறை சொல்லலை. அவங்க பயத்துக்குக் காரணம் இருக்கு. அந்தப் பயம் பேச்சுல போகாது. பக்கத்து வீட்டு அரசுப் பள்ளிப் பிள்ளை தினத்தந்தியை எடுத்துத் தலைப்புச் செய்தியைக் கடகடன்னு வாசிக்கிறதைப் பார்த்தா போகும்.

அடுத்த கிளைக் கூட்டத்துல முதல் அஜெண்டாவா இதை வையுங்க. உங்க ஊர்ப் பள்ளியோட பேரு, பிள்ளைகள் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, காலிப் பணியிடம், பூட்டிக் கிடக்கிற நூலகப் பீரோ, சாயங்கால வாசிப்புக்கு வர்ற தோழர்கள் எத்தனை பேர். இந்த ஆறு விவரத்தையும் எழுதி ஒன்றிய அலுவலகத்துக்குக் கொடுங்க. பிள்ளைங்க பேரோ போட்டோவோ வேண்டாம். காலிப் பணியிடத்துக்கு மனு எழுதுறதும் போராடுறதும் கட்சியோட பொறுப்பு. கதை வாசிக்கிறது உங்க பொறுப்பு.

ஓட்டுப் போடுற வயசுக்கு வர இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு. அதனாலதான் இவங்களைப் பற்றி யாரும் அவசரப்படுறது இல்லை. நாம அவசரப்படுவோம்.

கிளைத் தோழர்கள் எல்லாருக்கும் பகிருங்க. வாசிக்க நேரம் இல்லாதவங்களுக்கு நீங்களே வாசிச்சுக் காட்டுங்க.

#வாசிக்கட்டும்_நம்_பிள்ளைகள்
#நம்_ஊர்_நம்_பள்ளி